ஜாயிண்ட்டின் பணம் ஏன் போய்ச் சேரவில்லை? (1939–44)

தாமிரபரணி:
அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழுவை, அதாவது எல்லோரும் ‘ஜாயிண்ட்’ என்று சொல்கிற, வெளிநாட்டு யூதர்களுக்கான நிவாரண அமைப்பை, இங்கே பலர் வானளாவப் புகழ்ந்தாயிற்று. 1914 ஆகஸ்டில் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ், பாலஸ்தீன யூதர்கள் பட்டினியில் கிடக்கிறார்கள், 50,000 டாலர் வேண்டும் என்று நியூயார்க் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப்புக்குத் தந்தி அடித்தார். பணம் போனது. அடுத்த மார்ச்சில் வல்கன் கப்பலில் 900 டன் உணவும் மருந்தும் போயின. வைதிகர்கள், பணக்காரர்கள், தொழிலாளர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்து வசூலித்தாலும் பங்கீட்டை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டார்கள். அதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

என் குற்றச்சாட்டு அடுத்த போரைப் பற்றியது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, எதிரி நாட்டோடு வணிகத் தடைச் சட்டத்தைக் காட்டி நியூயார்க் தலைமை கையைக் கட்டிக்கொண்டது. ஷாங்காய், வார்சா, ஸ்லோவாக்கியா மூன்றிலும் களத்தில் இருந்தவர்கள்தான் தலைமையை மீறியோ, தலைமை இல்லாமலோ வேலையை நடத்தினார்கள். யாராவது மறுத்துப் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
மறுக்கிறேன். முதலில் 1941-க்கு முன்னால் பணம் எப்படிப் போனது என்று புரிந்துகொண்டால்தான் பின்னால் ஏன் நின்றது என்று தெரியும்.

ஜெர்மனி பிடித்த நாடுகளுக்குள் ஜாயிண்ட் டாலரை அனுப்பவே இல்லை. அனுப்பினால் அது நாஜி கஜானாவுக்கு அந்நியச் செலாவணியாகிவிடும். அதனால் ‘கிளியரிங்’ என்ற வழியைப் பிடித்தார்கள். வியன்னாவில் ஒரு குடும்பத்துக்கு விசா கிடைத்துவிட்டது, கையில் ஜெர்மன் நாணயமான மார்க் இருக்கிறது, கப்பல் டிக்கெட்டுக்கு டாலர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1939-ல் அந்த மார்க்கை ஜெர்மன் வங்கியில் மாற்றப் போனால் நூற்றுக்கு நான்குதான் மிஞ்சும், தொண்ணூற்றாறு அரசுக்கு. ஆகவே குடும்பம் தன் மார்க்கை வியன்னா யூத சமுதாய அலுவலகத்தில் கட்டிவிடும். அலுவலகம் ஜாயிண்ட்டுக்குத் தகவல் சொல்லும். ஜாயிண்ட் டிக்கெட்டுக்கான டாலரை நேராகக் கப்பல் கம்பெனிக்குக் கட்டும். 1940 ஜூனில் பாரிஸ் விழுந்த பிறகு இந்த வேலை லிஸ்பனிலிருந்து நடந்தது. வியன்னாவில் சேர்ந்த மார்க்கைக் கொண்டு அங்கேயே கஞ்சித் தொட்டி, முதியோர் இல்லம், பள்ளி நடத்துவார்கள். அதில் ஒரு பகுதி வார்சா அலுவலகத்துக்கும் மாற்றப்பட்டது. ஒரு டாலர்கூட எல்லை தாண்டவில்லை. சட்டமும் மீறப்படவில்லை, சோறும் போனது.

இதைக் கண்டுபிடித்தவர்களைக் கையைக் கட்டிக்கொண்டவர்கள் என்கிறீர்கள்!

வாசகி:
கணக்குப்பிள்ளை சார், அந்த ஏற்பாட்டில் இருந்த ஓட்டையையும் சொல்லிவிடுங்கள். வெளியேறுகிறவர்கள் இருக்கும் வரைதான் மார்க் வரும். 1941 ஜூனில் ஜெர்மன் பகுதியில் நெருங்கிய உறவினர் உள்ளவர்களுக்கு விசா தர அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. ஜூலையில் அங்கிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. அக்டோபரில் யூதர் வெளியேறவே ஜெர்மனி தடை விதித்தது. ஊற்று வறண்டுவிட்டது. அமெரிக்காவைப் போரில் இறக்கிய பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே!

இன்னொன்று, மாற்று விகிதம். மார்க்கிலிருந்து போலந்து நாணயமான ஸ்லாட்டிக்கு அதிகாரபூர்வ விகிதம் ஒன்றுக்கு இரண்டு. யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவில் ரொட்டி விற்றதோ கள்ளச் சந்தை விலைக்கு. கணக்கில் வந்த தொகையும் வட்டிலில் விழுந்த சூப்பும் ஒன்றாக இருந்ததே இல்லை. 1941-ல் அங்கே ஒரு யூதருக்கு அதிகாரபூர்வப் பங்கீடு நாளுக்கு 184 கலோரி. மீதியைக் கடத்தல்காரனிடம் வாங்க வேண்டும், அல்லது ஜாயிண்ட் பணத்தில் நடந்த சமையலறையில் வரிசையில் நிற்க வேண்டும். மாற்றிய பணம் இந்த இடைவெளியிலேயே கரைந்தது.

தாமிரபரணி:
வாசகி சொன்னதுதான் என் பக்கம். ஊற்று வறண்ட பிறகு வார்சாவில் என்ன நடந்தது? இஸாக் கிட்டர்மன், டேவிட் குஸிக், வரலாற்றாசிரியர் ரிங்கல்ப்ளூம் எல்லாம் அங்கே ஜாயிண்ட் அலுவலகக்காரர்கள். கெட்டோவுக்குள் ரொக்கம் ஒளித்து வைத்திருந்தவர்களிடம் போய், “இப்போது எங்களுக்குக் கொடுங்கள், போர் முடிந்ததும் ஜாயிண்ட் திருப்பித் தரும்” என்று கடன் வாங்கினார்கள். கொடுப்பவருக்கும் லாபம்: வீட்டில் வைத்தால் பறிமுதல், இங்கே கொடுத்தால் வரவு. பிரான்ஸிலும் பிறகு இதே முறைதான்.

1941 டிசம்பருக்குப் பிறகு இப்படிக் கடன் வாங்க நியூயார்க்கின் அனுமதி கிடையாது. வார்சாக்காரர்கள் அனுமதி இல்லாமலேதான் வாங்கினார்கள். ஒரு காசு எல்லை தாண்டாத ஏற்பாட்டுக்கு எதற்குத் தடை? அச்சம், வேறென்ன.

கணக்குப்பிள்ளை:
அச்சம் அல்ல, பொறுப்பு. எதிரி நாட்டு எல்லைக்குள் இருப்பவரிடம் கடன் பொறுப்பு ஏற்பதும் அந்தச் சட்டத்தின் கீழ் பரிவர்த்தனைதான், பணம் நகர்ந்ததா என்பது பொருட்டே இல்லை. அதற்கு அமெரிக்கக் கருவூலத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஒரு இடத்தில் மாட்டினால், ஜாயிண்ட் லைசென்ஸோடு நடத்தும் எல்லா வேலையும், லிஸ்பன் கப்பல் டிக்கெட் உட்பட, ஒரே நாளில் நின்றுவிடும். யூதர்கள் நம்மைப் போருக்குள் இழுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே பேசப்பட்ட அமெரிக்கா அது.

யூதர்களுக்குள்ளேயே ஒற்றுமை இருந்ததா என்ன? பிரிட்டிஷ் முற்றுகையை மீறி போலந்துக்கு உணவுப் பொட்டலம் அனுப்பியது என்பதற்காக, 1941-ல் நியூயார்க்கில் வைதிக யூதர்களின் அமைப்பான அகுதாவின் அலுவலகத்தின் முன் மறியல் செய்தவர்களும் யூத அமைப்பினர்தான்.

சோழவந்தான்:
எல்லோரும் 1941-லேயே நிற்கிறீர்கள். 1939 மே மாதம் ஜெர்மனியிலிருந்து யூத அகதிகளோடு வந்த செயிண்ட் லூயி கப்பலை மறந்துவிட்டீர்களே. 937 பயணிகள், சுமார் முப்பது பேரைத் தவிர யாரையும் ஹவானா துறைமுகத்தில் இறங்கவிடவில்லை. ஜாயிண்ட் அனுப்பிய வழக்கறிஞர் லாரன்ஸ் பெரன்சன் கியூபா அதிபரோடு பேரம் பேசினார். கியூபா கேட்டது தலைக்கு 500 டாலர் பிணை, மொத்தம் 4,53,500. இவர் குறைத்துக் கேட்டார். கெடு போய்விட்டது. கப்பலும் திரும்பிவிட்டது. சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற பேரத்தை உயிருக்குப் பேசினார்கள்.

கணக்குப்பிள்ளை:
சோழவந்தான் அண்ணே, பாதிக் கதை. அதே வாரம் ஓர்டுன்யா, ஃபிளாண்டர் என்ற இன்னும் இரண்டு கப்பல்களும் அகதிகளோடு கியூபாவை நோக்கி வந்தன. முதல் கப்பலுக்கு ஒரு விலை ஒத்துக்கொண்டால் அதுவே அடுத்த கப்பலுக்கும், அடுத்த நாட்டுக்கும் விலையாகிவிடும். கப்பல் திரும்பிக்கொண்டிருக்கையிலேயே ஜாயிண்ட்டின் ஐரோப்பியத் தலைவர் மோரிஸ் ட்ரோப்பர் நான்கு நாடுகளைப் பிடித்தார்: பிரிட்டன் 288, பிரான்ஸ் 224, பெல்ஜியம் 214, நெதர்லாந்து 181. உத்தரவாதமாக ஜாயிண்ட் வைத்தது ஐந்து லட்சம் டாலர். அதாவது கியூபா கேட்டதைவிட அதிகம்.

தாமிரபரணி:
நீங்களே என் வாதத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ஜூனில் ஐந்து லட்சம் வைக்க முடிந்தவர்கள் அதற்குச் சில நாள் முன்னால் நாலரை லட்சத்துக்குத் தயங்கினார்கள். பிரிட்டன் தவிர மற்ற மூன்று நாடுகளில் இறங்கிய சுமார் 620 பேரில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஹிட்லர் மூன்று நாடுகளையும் பிடிப்பான் என்று அன்று யாருக்கும் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘விலை முன்னுதாரணம்’ என்ற சாக்கு வேண்டாம்.

மட்டுறுத்துநர்:
இன்றைய இஸ்ரேல் அரசியல் பற்றி வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே ஜாயிண்ட், 1939–44 மட்டும்.

வாசகி:
ஷாங்காயை யாரும் தொடவில்லை, அதில்தான் இரண்டு பக்கத்துக்கும் சரக்கு இருக்கிறது. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்த அகதிகள் அங்கே 17,000-க்கு மேல். ஜாயிண்ட் சமூகப் பணியாளர் லாரா மார்கோலிஸ் 1941 மே மாதம் போய்ச் சேர்ந்தபோது, உள்ளூர்க் குழு நடத்திய சமையலறை எண்ணாயிரம் பேரளவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது, மிக மோசமாக. திறந்த அடுப்புகள். எரிபொருளுக்கே பணம் போனது, உணவுக்கு மிஞ்சவில்லை.

டிசம்பரில் ஜப்பானியர் நகரம் முழுவதையும் பிடித்தார்கள். பேர்ல் ஹார்பருக்கு முன்னரே நியூயார்க் ஒரு காரியம் செய்திருந்தது: தொடர்பு அறுந்தால், போருக்குப் பின் திருப்பித் தருவதாகச் சொல்லி ஆறு மாதச் செலவுக்கு 1,80,000 டாலர் வரை உள்ளூரில் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி. ஆனால் அந்த நகரத்தில் ஜப்பானியர் சம்மதம் இல்லாமல் ஒரு எதிரி நாட்டுப் பெண்ணுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? யூத விவகாரத்துக்குப் பொறுப்பாயிருந்த கடற்படை அதிகாரி இனுஸுகாவிடமே மார்கோலிஸ் போய், பட்டினிக் கலவரம் வந்தால் உங்களுக்குத்தான் தலைவலி என்று பேசிச் சம்மதம் வாங்கினார். அப்புறம் கைக்கு வந்த முதல் பணத்தில் நீராவிக் கொதிகலன் வைத்த சமையலறை ஒன்றை எழுப்பினார். அகதிப் பொறியாளர்களே வேலை செய்தார்கள். அதே அரிசிக்கும் பருப்புக்கும் நிலக்கரிச் செலவு வெகுவாகக் குறைந்தது. தர்ம காரியத்தில் கொதிகலன் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிரசங்கம் செய்பவர்கள் பேசுவதில்லை.

1942 மே மாதம் நியூயார்க் தந்தித் தொடர்பையே நிறுத்திக்கொண்டது. சட்டம்! கடன் கொடுத்தவர்களுக்கு ஜாயிண்ட்டின் வாக்குத்தான் பிணை, அந்த ஜாயிண்ட்டே வாயை மூடிக்கொண்டால் யார் மேற்கொண்டு கொடுப்பார்கள்? சோறு பெறுவோர் பட்டியலை வெட்ட வேண்டி வந்தது. 1943 தொடக்கத்தில் மார்கோலிஸையும் ஜப்பானியர் முகாமில் அடைத்தார்கள்.

தாமிரபரணி:
இதைத்தான் சொல்கிறேன். முன்கூட்டி அனுமதி கொடுத்த அறிவு பாராட்டுக்குரியது. பிறகு பணம் கேட்காமல், ஒரு தந்திக்கு மட்டும் கருவூலத்தோடு மல்லுக்கட்டியிருக்கலாம். முதல் உலகப் போரில் அமெரிக்காவே போரில் இறங்கிய 1917-க்குப் பிறகும், அரசு அனுமதியோடு நெதர்லாந்து வழியாக எதிரி பிடித்த போலந்துக்குப் பணம் போனதே. முன்னுதாரணம் இவர்கள் அலமாரியிலேயே இருந்தது.

கணக்குப்பிள்ளை:
1917-ல் நெதர்லாந்து நடுநிலை நாடு. 1942-ல் அது ஜெர்மனி கையில். மிஞ்சியது சுவிட்சர்லாந்து. அங்கே ஜாயிண்ட்டுக்காக வேலை பார்த்தவர் சாலி மேயர், லேஸ் வியாபாரத்தை விட்டு ஓய்வு பெற்றவர். அவரிடம் டாலர் வந்தால் மட்டும் போதாது, சுவிஸ் தேசிய வங்கி அதைப் பிராங்க்காக மாற்றித் தர வேண்டும். 1942–43-ல் மாதக் கணக்கில் அது நடக்கவில்லை. ஒரு பக்கம் வாஷிங்டன், மறுபக்கம் சுவிஸ் தலைநகர் பெர்ன். நியூயார்க்கில் யார் வீரம் காட்டியிருந்தாலும் இந்தப் பூட்டு திறந்திருக்காது.

தாமிரபரணி:
சரி, ஸ்லோவாக்கியாவுக்கு வாருங்கள். 1942 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அங்கிருந்து சுமார் 58,000 யூதர்கள் போலந்து முகாம்களுக்கு ரயிலில் நாடு கடத்தப்பட்டார்கள். பிராட்டிஸ்லாவாவில் கிஸி ஃபிளைஷ்மன், ரப்பி வைஸ்மாண்டல் குழு நாஜி எஸ்.எஸ். படை அதிகாரி விஸ்லிட்ஸெனிக்கு லஞ்சம் கொடுத்தது, ரயில்கள் நின்றன. அடுத்து இருபது முப்பது லட்சம் டாலர் கொடுத்தால் போலந்து தவிர ஐரோப்பா முழுக்க நாடு கடத்தலை நிறுத்தலாம் என்ற ‘யூரோப்பா திட்டம்’. முன்பணம் இரண்டு லட்சம். ஃபிளைஷ்மன் ஜாயிண்ட்டின் சொந்தப் பிரதிநிதி! அவர் மேயருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். மேயரின் பதில்: நீங்கள் உள்ளூரில் திரட்டிக்கொள்ளுங்கள், நான் அமெரிக்காவில் போருக்குப் பின் எடுக்கும்படி வரவு வைக்கிறேன்.

வாசகி:
அங்கேதான் வார்சா சூத்திரம் செல்லவில்லை. போருக்குப் பின் தருகிறேன் என்ற கடனுக்கு, இப்போது கையில் பணம் உள்ளவன் வேண்டும். ஸ்லோவாக்கிய யூதர்களின் கடைகளும் கணக்குகளும் 1940–41-லேயே பறிக்கப்பட்டாயிற்று. யாரிடம் திரட்டுவது? மேயருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தும் அதைச் சொன்னார் என்றால், அவரிடம் வேறு வழியே இல்லை என்றுதான் அர்த்தம்.

கணக்குப்பிள்ளை:
அதோடு, லஞ்சத்தால்தான் ரயில் நின்றதா என்பதே வரலாற்றாசிரியர்களிடையே தகராறு. ஸ்லோவாக்கிய அரசுக்குள் எதிர்ப்பு, நாடு கடத்தலிலிருந்து விலக்குச் சீட்டு வைத்திருந்தவர்களே மிஞ்சியது என்று வேறு காரணங்கள் பலமாக இருக்கின்றன.

1944 ஆகஸ்ட் 21 அன்று இதே மேயர், செயிண்ட் மார்கரேத்தன் எல்லைப் பாலத்தில் எஸ்.எஸ். அதிகாரி குர்ட் பெக்கர் தரப்பைச் சந்தித்தார். கொடுக்கப் பணமும் இல்லை, சரக்கு வாக்குறுதி தர அனுமதியும் இல்லை. வெறும் பேச்சை மாதக் கணக்கில் இழுத்தார். அந்த இடைவெளியில் காஸ்ட்னர் பேரம் பேசி வெளியே கொண்டுவந்த ஹங்கேரி யூதர்கள் பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து இரண்டு தவணையாக சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தார்கள். காலிப் பையோடு பேரம் பேசிய ஆளைக் கஞ்சன் என்பது நியாயமா?

தாமிரபரணி:
மேயரைக் கஞ்சன் என்று நான் சொல்லவில்லை, வைஸ்மாண்டல் அதைவிட மோசமாகச் சொன்னார். என் புகார் பையைக் காலியாக வைத்த நியூயார்க் மேல். 1943 வசந்தத்தில் உலக யூதக் காங்கிரஸின் ஜெனீவா பிரதிநிதி ரீக்னர், உள்ளூரில் கடன் கொடுப்பவர்களுக்கான பணத்தைப் போர் முடியும் வரை முடக்கிவைக்கும் கணக்கு என்ற திட்டத்தைக் கொடுத்து லைசென்ஸ் கேட்டார். வெளியுறவுத் துறை இழுத்தடித்து டிசம்பரில்தான் 25,000 டாலருக்கு லைசென்ஸ் வந்தது. இழுத்தடிப்பை அம்பலப்படுத்தியவர்கள் கருவூல அதிகாரிகள். அப்போது கருவூலச் செயலர் யார்? 1914-ல் தந்தி அடித்தவரின் மகன். அவர் காதில் இதை 1942-லேயே போட ஜாயிண்ட் தலைவர்களுக்கு எத்தனை கதவு தட்ட வேண்டியிருந்திருக்கும்?

கணக்குப்பிள்ளை:
1942-ல் தட்டியிருந்தால் திறந்திருக்கும் என்பது உங்கள் நம்பிக்கை. கதவு திறந்ததும் என்ன நடந்தது என்பது பதிவில் இருக்கிறது. 1944 ஜனவரியில் அமெரிக்க அரசின் போர் அகதிகள் வாரியம் அமைந்தது. அரசு கொடுத்தது பத்து லட்சம் டாலரை ஒட்டி. ஜாயிண்ட் ஒன்றரைக் கோடிக்கு மேல் போட்டது. ஷாங்காய்க்கும் சுவிட்சர்லாந்து வழியாக மறுபடி பணம் போனது. லைசென்ஸ் கிடைத்த மறுகணம் கொட்டியவர்கள் கையைக் கட்டியிருந்தார்களா, கை கட்டப்பட்டிருந்ததா?

வாசகி:
ஷாங்காய் விஷயத்தில் ஒன்று மட்டும். மறுபடி பணம் வந்தபோதும் அதைச் சீன டாலராக மாற்றும் விகிதத்தில் பெரும்பகுதி தின்னப்பட்டது. கொதிகலன் சமையலறை மட்டும் இல்லையென்றால் மீதிப் பணம் நிலக்கரிக்கே போயிருக்கும். அந்தக் கொதிகலனுக்கு நியூயார்க்கிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை.