சைகோன் பெட்டியைக் காக்க உதவுங்கள்

புதுச்சேரி உறவுகளுக்கு வணக்கம். 1975-இல் வியட்நாமின் சைகோன் நகரம் வீழ்ந்தபின் எங்கள் குடும்பம் அங்கிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை அண்மையில் திறந்தோம். தாத்தாவின் பிரெஞ்சு அரசுப் பணி ஆணையும், அந்நகரின் மாரியம்மன் கோயில் குங்குமத்தை ஆயா மடித்து வைத்திருந்த வியட்நாமிய செய்தித்தாளும் உள்ளே இருந்தன. கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன நிழற்படங்களைப் பிரித்தபோது ஒரு முகம் உரிந்து வந்துவிட்டது. அதன்பின் எதையும் தொட மனம் வரவில்லை.

1848-இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்தபின் ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர், வியட்நாம் உள்ளிட்ட பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு அலுவலர்களாகவும் படைவீரர்களாகவும் சென்றோர் ஆகியோரின் நினைவுகளுக்காக எங்கள் முற்றத்து வீட்டிலேயே சிறு அருங்காட்சியகம் அமைக்க விரும்புகிறோம். ஒட்டிய படங்களைச் சேதமின்றிப் பிரிக்கத் தெரிந்தவர்களும், பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்களும், சைகோனில் வாழ்ந்த பெரியவர்களை வீட்டில் கொண்டவர்களும் தயவுசெய்து தெரிவியுங்கள். பெரியவர்களின் குரலையே முதலில் பதிவுசெய்ய வேண்டும். இந்த மாதமே வந்து பதிவுசெய்து கொள்கிறோம்.