வீட்டு வயரிங்கிலிருந்து சோலார் வேலைக்கு மாறலாமா?

வயர்மேன்:
வணக்கம். ஆறு வருஷமாக வீட்டு வயரிங் செய்கிறேன். சோலார் பேனல் பொருத்தும் குழு ஒன்றில் ஆள் கேட்கிறார்கள். வீட்டுக்கு வரும் ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது) வேலை எனக்குக் கைவந்தது, பேனலில் வரும் டிசி கரண்ட் (ஒரே திசையில் ஓடுவது) பக்கம் தொட்டதே இல்லை. நாள் முழுக்கக் கூரை மேல் நிற்பதும் யோசிக்க வைக்கிறது. முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

கூரைமேல்:
தாராளமாக மாறலாம் தம்பி. ஆனால் மெயினை அணைத்தால் வயரில் ஒன்றும் இல்லை என்று நம்பும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் இணைப்பைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டரை அணைத்தாலும் பேனலிலிருந்து அதுவரை வரும் வயரில் வெயில் இருக்கும் வரை வோல்டேஜ் அப்படியே இருக்கும். ஒரு பேனல் 40, 50 வோல்ட்தானே என்று தோன்றும், பத்தைத் தொடராக இணைத்தால் 400, 500 வந்துவிடும், அது ஆளைக் கொல்லப் போதும்.

ஏசி 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது, பொறி கிளம்பினாலும் அந்த இடைவெளியில் அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த வாய்ப்பு இல்லை. கரண்ட் ஓடும்போது பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கினால் பொறி நீண்டு நின்று எரியும். டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தி, ஐசொலேட்டரை அணைத்து, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். மீட்டர் டிசி ஆம்பியர் காட்டுவதாக இருக்க வேண்டும், ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், அதை நம்பினால் ஆபத்து.

பழைய கை:
மேலே சொன்னதெல்லாம் சரி. என் பங்குக்கு ஒன்று: கிரிம்பிங், அதாவது கனெக்டரின் உலோக முனையை வயரோடு நசுக்கி இறுக்குவது. புதிதாக வருகிறவர்கள் சாதாரண பிளையரில் நசுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள், அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் ஓடும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடி, சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாக உருகும். பழுது பார்க்கப் போன ஒரு கூரையில் கருகிப்போன கனெக்டரை என் கையாலேயே வெட்டி எடுத்தேன், ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் கலக்கவே கூடாது. அதற்குரிய கிரிம்பிங் கருவியைச் சொந்தமாக வாங்கிவிடுங்கள், கிரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள்.

ஏணி:
உடம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பேனல் ஒன்று 20 கிலோவுக்கு மேல் வரும், காற்றில் தூக்கினால் பாய்மரம் மாதிரி ஆளையே இழுக்கும். தனியாகத் தூக்காதீர்கள், காற்று பலமாக வீசினால் வேலையை நிறுத்துங்கள். பேனல் மேல் மிதிக்கவும் கூடாது, கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல் விரிசல் விடும், வெளியே தெரியாது. ஹார்னஸ் (கீழே விழாமல் பிடிக்கும் பாதுகாப்பு பெல்ட்) இல்லாமல் ஏறச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், வேலை போனாலும் சரி.

வயர்மேன்:
நன்றி அண்ணா எல்லாருக்கும். என் கிளாம்ப் மீட்டரை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஏசி மட்டும்தான் இருக்கிறது. முதலில் அதை மாற்றுகிறேன். நாளைக்குப் பேசப் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் ஹார்னஸ் தருவார்களா என்று கேட்டுவிடுகிறேன்.

கூரைமேல்:
கேளுங்கள். ஹார்னஸ் கயிற்றை மாட்டுவதற்குக் கூரையில் ஆங்கர் (உறுதியான பிடிமானம்) இருக்குமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.