15 மீட்டர் சப்வூஃபர் கேபிள்: ஆர்ஜி-6 போதுமா?

தாழ்சுருதி: ரிசீவரிலிருந்து எதிர்மூலையில் இருக்கும் ஆக்டிவ் சப்வூஃபர் (தனக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள தாழ்சுருதி ஸ்பீக்கர்) வரை, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனால் 15 மீட்டர் வருகிறது. ஆண்டெனாவுக்குப் போட்டதில் மிஞ்சிய ஆர்ஜி-6 கேபிளின் இரு முனையிலும் ஆர்சிஏ பின் மாட்டி ஓட்டலாமா, அல்லது சப்வூஃபருக்கென்றே விற்கும் தடித்த கேபிளை வாங்கத்தான் வேண்டுமா?

ஓம்விதி: தாராளமாக ஓட்டலாம். அதன் மின்தேக்கம் மீட்டருக்கு ஏறக்குறைய 55 பிக்கோஃபாரட், 15 மீட்டருக்கு 825. ரிசீவரின் வெளியீட்டு மின்மறுப்பை 1000 ஓம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், சிக்னல் சரியத் தொடங்குவது 190 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான். சப்வூஃபருக்குப் போவதோ 120 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும்.

செம்புப்பின்னல்: கணக்கில் பிழையில்லை, ஆனால் நீண்ட கேபிளில் நம்மைப் படுத்துவது இழப்பு அன்று, உறுமல். ரிசீவரும் சப்வூஃபரும் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகும்போது, இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னோட்டம் கேபிளின் மேலுறை (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாகப் பாய்கிறது. ஆர்சிஏ இணைப்பில் சிக்னல் திரும்பும் வழியும் அதே மேலுறை என்பதால், அதன் மின்தடையில் உண்டாகும் மின்னழுத்தம் அப்படியே சிக்னலோடு சேர்ந்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் உறுமலைச் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும், சப்வூஃபர் விழுங்காது. மலிவான ஆர்ஜி-6 கேபிளில் இருப்பது அலுமினியத் தாளும் அலுமினியப் பின்னலும். அதில் ஈயப்பற்றுகூட ஒட்டாது. நெருக்கமான செம்புப் பின்னல் உள்ள கேபிளையே வாங்குங்கள்.

ஓம்விதி: மேலுறையின் மின்தடையைப் பாதியாக்கினால் உறுமல் அதிகபட்சம் 6 டெசிபெல் குறையும், ஒழியாது. எர்த் வழியாக ஓடும் அந்த மின்சுற்றையே அறுக்காமல் கேபிளை மாற்றுவது ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரத்தை மாற்றுவது போன்றது. முதலில் ரிசீவரோடு இணைந்த எல்லாக் கருவிகளிலிருந்தும் ஆண்டெனா, கேபிள் டிவி வயர்களைக் கழற்றிப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர் இணைப்பு (சிக்னல் திரும்ப மேலுறையை நம்பாமல் தனிக் கம்பி உள்ளது) இரு பக்கமும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்காதீர்கள்.

செம்புப்பின்னல்: சிக்னலை மட்டும் கடத்தி எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையும் அடுத்து நீங்களே சொல்வீர்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்: மலிவான சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் 20, 30 ஹெர்ட்ஸில்தான் முதலில் தடுமாறும், நாம் சப்வூஃபர் வாங்கியதே அந்த 20 ஹெர்ட்ஸுக்காகத்தான்.

தாழ்சுருதி: மிஞ்சிய ஆர்ஜி-6 கேபிளையே தரையில் விரித்துச் சோதித்தேன். பக்கத்து அறை வரை கேட்ட உறுமல், டிவியின் ஆண்டெனா வயரைக் கழற்றியதும் ஸ்பீக்கரின் கோனருகே காதை வைத்தால் மட்டுமே கேட்கும் அளவுக்கு அடங்கியது. சுவருக்குள் புதைத்துவிட்டால் மீண்டும் எடுக்க முடியாது என்பதால், புதைக்கப்போவது செம்புப் பின்னல் கேபிள்தான்.

ஓம்விதி: புதைப்பதானால் அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆண்டெனா வயரை மீண்டும் மாட்டும்போது அதன் வழியான எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போடுங்கள்.