மெதுவாக ஓட்டினால் மட்டும் சூடாகும் அவுட்போர்டு: தேங்காய்ப்பட்டணம்

தூண்டில் மீன்பிடிக்க ஆட்களைக் கூட்டிப்போகும் ஃபைபர் படகு. பின்னால் மாட்டும் 40 எச்.பி., இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். ஓணம் முடிந்ததிலிருந்து இந்தத் தொல்லை. வேகமாகப் போனால் ஒன்றுமில்லை. நெய்மீனுக்குத் தூண்டிலை இழுத்தபடி மெதுவாக ஓட்டினால் கால்மணி நேரத்தில் சூட்டு அலாரம் அலறுகிறது. எஞ்சினைக் குளிரவைத்துப் பக்கத்தில் பீச்சும் தண்ணீர் நூலாக இளைத்து, கை வைக்க முடியாமல் சுடுகிறது. காசு கொடுத்து வந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இம்பெல்லர் (தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம்), தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) இரண்டும் புதிது. பொழிமுக (ஆறு கடலில் சேரும் இடத்து) மணல் அடைத்திருக்கும் என்று தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைக் கழற்றிக் கழுவினோம். அப்புறம் நல்ல தண்ணீரிலும் ஓடவிட்டாச்சு. விழிஞ்சத்து மெக்கானிக் ஹெட்டை (எஞ்சினின் சிலிண்டர் மூடியை) கழற்றணும் என்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தால் வேகத்திலும் சுட வேண்டுமே.

இம்பெல்லர் உட்காரும் கப்பும் அடித்தட்டும் மணலில் தேய்ந்திருந்தால் மெதுவோட்டத்தில் மட்டும் இப்படிச் சுடுமா?