தசைநாண் ஆறும்போதே குதிரையை நேராக்கலாமா?

பொட்டல்வெளி:
பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட், ஒன்பது வயது, காயடித்தது. இடது முன்னங்காலில் மேல்நாண் கிழிந்து ஐந்து மாதம் ஆகிறது. (முழங்காலுக்கும் குளம்புக்கு மேலுள்ள மூட்டான ஃபெட்லாக்குக்கும் நடுவே பின்பக்கம் தோலுக்கடியில் ஓடுகிற தசைநாண்தான்.) கடைசி ஸ்கேனில் ஓட்டை நிரம்பியிருக்கிறது, இழைகள் இன்னும் ஒழுங்காக வரிசை கட்டவில்லை. இப்போது தினம் 40 நிமிடம் கையில் பிடித்து நடை, அதற்குள் 5 நிமிடம் டிராட் (மெல்லோட்டம்), எல்லாம் நேர்கோட்டில். டிராட்டில் தலையாட்டம் இல்லை, அதாவது நொண்டல் தெரியவில்லை. ஆனால் உடம்பு கோணல். கழுத்தை இடப்பக்கம் வளைத்து வலது தோளில் சரிந்தே நடக்கிறது, வலது மார்புத்தசை கண்ணுக்குத் தெரிகிற அளவு பெருத்துவிட்டது. சமநிலைப் பயிற்சியை (தோளை உள்ளே எடுத்து நடத்தும் பக்கவாட்டு நடையான ஷோல்டர்-இன், வட்டம் எல்லாம்) இப்போதே ஆரம்பி என்கிறார் பயிற்சியாளர். ஸ்கேன் தேறும்வரை நேர்கோட்டைத் தாண்டாதே என்கிறார் மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?

கடிவாளம்:
மருத்துவர் சொல்வது நாணுக்குச் சரி, குதிரைக்குப் போதாது. குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. நெஞ்சுக்கூடு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசைகளால் கட்டிய தொட்டிலாகத் தொங்குகிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. ஐந்து மாதமாக இடது காலைக் காப்பாற்றியே நின்ற குதிரைக்குத் தொட்டிலின் ஒரு பக்கக் கயிறு தளர்ந்து, மறுபக்கம் முறுக்கேறியிருக்கும். நடையில் நிமிடத்துக்கு ஐம்பது எட்டுக்கு மேல் வைக்கிறது. 40 நிமிடத்தில் இரண்டாயிரம் தடவை கோணலையே மனப்பாடம் செய்கிறது. இப்படியே விட்டால் அடுத்து வீங்கப்போவது வலது கால்.

லாயத்திலேயே ஆரம்பிக்கலாம். நடை முடிந்து தசை சூடாக இருக்கும்போது கேரட் நீட்டல். நான்கு காலும் சதுரமாக நிற்கட்டும். முகவாய் முதலில் மார்புக்கு, பிறகு முழங்கால்களுக்கு நடுவே, பிறகு ஃபெட்லாக்குகளுக்கு நடுவே. அதன்பின் இரண்டு பக்கமும் வயிற்றுவார் இடத்துக்கு, இடுப்பெலும்பு முனைக்கு, பின்னங்கால் ஹாக்கை (நடுமூட்டை) நோக்கி. ஒவ்வொன்றும் 5 தடவை, தடவைக்கு 5 விநாடி பிடித்து நிற்கவேண்டும், வாரம் 5 நாள். 2011இல் எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம் இந்த மாதிரி நீட்டல் கொடுத்துப் பார்த்த ஆய்வில் முதுகெலும்பை ஒட்டிய மல்டிஃபிடஸ் தசை பருத்தது, இட வல வித்தியாசமும் குறைந்தது. சேணம் ஏற்றாமல், காலுக்கு ஒரு கிலோகூடச் சுமை கூட்டாமல் கிடைத்தது அது.

இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நீட்டும்போது ஒரு காது தாழ்ந்து முகம் திருகிக்கொண்டால், குதிரை கழுத்தை வளைக்கவில்லை, தலையை மட்டும் சாய்த்து கேரட்டைப் பறிக்கிறது. இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கும் தூரத்துக்கு கேரட்டைக் கிட்டே கொண்டுவாருங்கள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு திரும்பினாலும் பயனில்லை. நக்கிக்கொண்டே நிற்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து சுவரை ஒட்டி நடையில் ஷோல்டர்-ஃபோர். ஷோல்டர்-இன்னுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பகுதியை ஒரு குளம்பு அகலம் மட்டும் உள்ளே எடுத்து, உட்பக்கப் பின்னங்கால் இரண்டு முன்தடங்களுக்கு நடுவே விழும்படி பத்துப் பன்னிரண்டு எட்டு. அவ்வளவுதான்.

நாலுகால்:
கேரட்டில் சண்டை இல்லை. ஷோல்டர்-ஃபோர் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் நழுவிவிட்டீர்களே, அங்கேதான் சண்டை. குதிரை வலது தோளில் சரிகிறது. நேராக்கவேண்டுமென்றால் பாரம் வலத்திலிருந்து இடத்துக்கு வரவேண்டும். அதற்கு வலப்பக்கம் வளைத்து நடத்தவேண்டும். அப்போது வெளிப்பக்க முன்னங்கால் எது? இடது. நீங்கள் 'திருத்தம்' என்று சொல்வது, கிழிந்த நாணின் மேல் பாரத்தை ஏற்றுவது. பயந்துபோய் இடப்பக்கம் வளைத்துச் செய்தாலோ, ஏற்கெனவே மிஞ்சி உழைக்கிற வலது தோளுக்கு இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் முள்.

ஐந்தாம் மாதத்தில் அங்கே இருப்பது நாண் அல்ல, தழும்பு. மூன்றாம் வகைக் கொலாஜன் மிகுந்த, முறுக்கு இல்லாத திசு. அது முதல் வகையாக மாறி இழுவிசையின் போக்கில் வரிசை கட்ட ஒரு வருடம், சிலவற்றுக்கு அதற்கும் மேலே. ஸ்கேனில் ஓட்டை நிரம்பியது என்றால் பள்ளத்தில் மண் கொட்டியாயிற்று என்று பொருள், ரோடு போட்டாயிற்று என்று அல்ல.

கடிவாளம்:
கணக்கையும் பாருங்கள் சார். நடையில் ஒரு முன்னங்காலில் இறங்கும் உச்ச விசை உடம்பெடையில் 60 சதவீதம் அளவுதான். டிராட்டில் அது முழு உடம்பெடையையும் தாண்டுகிறது. முழுப் பாய்ச்சலான காலப்பில் இரண்டரை மடங்கு. மருத்துவரே அனுமதித்த 5 நிமிட டிராட்டில் அந்த இடது கால் வாங்குவதைவிட, நடையில் பன்னிரண்டு எட்டு ஷோல்டர்-ஃபோர் குறைவாகத்தான் தருகிறது. டிராட்டுக்குச் சரி, இதற்குத் தப்பா?

நாலுகால்:
அளவு சரி, திசை வேறு. நேர்கோட்டு டிராட்டில் ஃபெட்லாக் நேராக இறங்கி நேராக எழுகிறது. தழும்பு இழை அந்த ஒரே திசையில் இழுபட்டுத்தான் வரிசை கற்கிறது. பக்கவாட்டு நடையில் கால் குறுக்கே போகிறது, குளம்பு ஒரு விளிம்பில் இறங்கித் திருகுகிறது. சுகமான காலுக்கு அது பயிற்சி. இந்தக் காலுக்கு, தேவையில்லாத புதுப் பாடம்.

அதோடு, கையில் பிடித்துச் செய்கிறவர் தேர்ந்தவராக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும். பழகாத கைக்கு என்ன ஆகும் என்றால், கயிற்றை இழுப்பார்கள், கழுத்து மட்டும் மடியும், தோள் இருந்த இடத்தில் இருக்கும். கழுத்து அதிகம் வளைந்தால் வெளித்தோள் பிதுங்கும், மொத்தப் பாரமும் அந்தக் காலில். நேராக்கப் போய்ச் சாய்த்துவிட்டு வருவார்கள்.

கடிவாளம்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கழுத்து தோளில் சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் தோல் சுருக்கம் விழுந்தால் நிறுத்திவிடவேண்டும், அது கழுத்து மடிப்பு. மூக்கு மார்பின் அகலத்தைத் தாண்டி வெளியே போகக்கூடாது.

நாலுகால்:
இன்னொன்று. கோணல் என்றாலே பயிற்சி என்று ஓடுவது ஏன்? 2017இல் சுவீடனில் உரிமையாளர்கள் 'நன்றாக இருக்கிறது' என்று சொன்ன 222 சவாரிக் குதிரைகளுக்கு உடம்பில் உணரிகள் கட்டி டிராட் ஓடவிட்டு அளந்தார்கள். நூற்றுக்கு 72க்கு மேல் தலையசைவிலோ இடுப்பசைவிலோ வரம்பைத் தாண்டிய வித்தியாசம். அதில் எத்தனை வலி, எத்தனை பிறவிக் கோணல்? வலி என்றால் பயிற்சி அதை மறைக்கத்தான் உதவும்.

கடிவாளம்:
அதே குழு 2019இல் செய்ததையும் சொல்லுங்கள். அப்படிக் கோணலாக ஓடிய 66 குதிரைகளுக்கு நான்கு நாள் மெலாக்சிகம் என்ற வலிநிவாரணி கொடுத்தார்கள், கோணல் மாறவில்லை. எல்லாம் வலியாக இருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்கவேண்டாமா?

நாலுகால்:
மெலாக்சிகத்துக்கு அடங்காத வலியும் உண்டு. சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிற குதிரைகளில், பின்னங்கால் நொண்டிக்கு நரம்பு மரப்பு ஊசி போட்டதும் சேணம் நேராகிவிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் 'சமநிலை இல்லை' என்று மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்திருப்பார்கள். பொட்டல்வெளி சொல்கிற கோணல் முன்னங்காலிலிருந்து வந்ததா, பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? கெட்டித் தரையில் 30 மீட்டர் டிராட், பின்னாலிருந்து செல்போனில் ஸ்லோமோஷன், இரண்டு இடுப்பெலும்பு முனையிலும் சாக்பீஸ் பொட்டு. ஒரு பொட்டு மற்றதைவிட அதிகம் ஏறி இறங்கினால் பேச்சே வேறு.

லாடம்:
இரண்டு பேரும் தோளையும் நாணையும் பேசுகிறீர்கள், குளம்பை யாரும் பார்க்கவில்லை. நொண்டிய கால் பாரம் வாங்காமல் ஐந்து மாதம் இருந்தால் குளம்பு குறுகும், குதி உயரும். சுமந்த கால் தட்டையாக அகலும். அந்த இரண்டு குளம்பின் மேல் நின்றுகொண்டு என்ன ஷோல்டர்-இன் செய்தாலும் குதிரை கோணலாகத்தான் நிற்கும். உயரமும் நீளமும் அளந்து எழுதிவையுங்கள். நாலு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை சீவவேண்டும். உயர்ந்த குதியை ஒரே நாளில் சீவித் தள்ளினால் கீழ்நாண் (மேல்நாணுக்கு உள்ளே ஆழத்தில் ஓடுகிற தசைநாண்) இழுபடும், ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளர்கிறது, அவசரப்பட்டு ஆகப்போவதில்லை.

குதிக்கு ஆப்பு வைத்து லாடம் அடிக்கச் சொல்வார்கள். அது கீழ்நாணுக்கு ஓய்வு தரும். இங்கே கிழிந்தது மேல்நாண், அதற்கு உதவாது, சுமை கூடவும் செய்யும். வேண்டாம்.

மணல்மேடு:
தரையைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குக் கடற்கரையில் நடத்துகிறீர்கள் என்றால், அலை வந்துபோகிற ஈர மணல் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் அது கடலைப் பார்த்துச் சாய்ந்த தரை. தெற்கே போகும்போது இடது கால் தாழ்வில், திரும்பும்போது வலது கால் தாழ்வில். ஒரே பக்கமாக நடத்திவிட்டு வண்டியில் ஏற்றி வருகிறவர்கள் கோணலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தார்ரோட்டு ஓரமும் அப்படித்தான், நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். ஆறுகிற நாணுக்கு உலர்ந்த பொதபொத மணலும், ஐப்பசி மழைச் சேறும் எதிரி.

பொட்டல்வெளி:
தரை கெட்டியான மண், சமதளம். பின்னாலிருந்து வீடியோ எடுத்தாயிற்று, பொட்டு இரண்டும் ஒரே அளவுதான் ஏறி இறங்குகிறது. குளம்பு லாடம் சொன்ன மாதிரியே இருக்கிறது, இடது குதி உயரம். அப்படியானால் அடுத்த மூன்று மாதம் என்ன செய்யட்டும்?

நாலுகால்:
பின்னங்கால் இல்லையென்றால் நல்லது. நேர்கோட்டிலேயே நேராக்குங்கள். பின்னடை (பின்னோக்கி நடத்துவது) இருக்கிறதே, அதை மறந்துவிடுகிறார்கள். சுவரை ஒட்டி, தலை தாழ்ந்து, 3 முதல் 5 எட்டு, ஒரு நடைக்கு நான்கு தடவை. பாரம் பின்னால் போகும், தொட்டில் தூக்கும், முன்னங்காலுக்குத் திருகல் இல்லை. பின்பகுதி எப்போதும் ஒரே பக்கம் விலகினால் அந்தப் பக்கம் சுவர் வரும்படி திருப்பி நிறுத்துங்கள். தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொண்டு போனால் எண்ணிக்கையைக் குறையுங்கள், வேகத்தை அல்ல, எண்ணிக்கையை.

இரண்டாவது, தரையில் நான்கு மூங்கில் கழி, 85 சென்டிமீட்டர் இடைவெளி, நடையில். மூன்று வாரம் கழித்து முதல் கழிக்கு இடது முனை, அடுத்ததற்கு வலது முனை என்று மாற்றி மாற்றி 15 சென்டிமீட்டர் தூக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு மடக்கித் தூக்கவேண்டிய கட்டாயம் வரும். மூங்கில் உருளாமல் முட்டுக் கொடுக்காவிட்டால் அதன் மேல் மிதித்து வழுக்கி, ஐந்து மாத உழைப்பு ஒரு நொடியில் போகும்.

கடிவாளம்:
பின்னடை, கழி இரண்டுக்கும் சரி. ஷோல்டர்-ஃபோரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டாம் மாத ஸ்கேன்வரை பொறுக்கிறேன், வட்டத்துக்கு அதற்கு மேலும். ஆனால் கேண்டருக்கு (டிராட்டுக்கு அடுத்த வேக ஓட்டத்துக்கு) முன்னால் வந்தாகவேண்டும், கோணலாக கேண்டர் பழகிய குதிரையைப் பிறகு திருப்புவது பெரும்பாடு.

நாலுகால்:
ஸ்கேனில் குறுக்குவெட்டுப் பரப்பு போன தடவையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடாமல், நீளவாக்கில் இழைகள் கோடுகோடாகத் தெரிந்தால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. கூடியிருந்தால் ஒரு படி பின்னால். அதுவரை தினமும் காலை, வெளியே எடுப்பதற்கு முன்னால், காலைத் தூக்கி மடக்கி நாணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேலிருந்து கீழே உருவிப் பாருங்கள். இரண்டு காலையும். சூடு, பருமன், சுண்டி இழுத்துக்கொள்வது, மூன்றில் எது வந்தாலும் அன்று நடை மட்டும். முந்தின நாள் செய்த தப்பு மறுநாள் காலையில்தான் தெரியும்.

மணல்மேடு:
கொள்ளுத் தீனியைக் குறைத்தீர்களா? கட்டிப்போட்ட குதிரைக்குப் பந்தயத் தீனி போட்டால் கையை விட்டுத் துள்ளும். நாண் திரும்பக் கிழிய அந்தத் துள்ளல் ஒன்றே போதும்.

பொட்டல்வெளி:
பாதியாகக் குறைத்து, புல்லைக் கூட்டியிருக்கிறேன். இனிமேல் வட்டத்துக்கு வரும்போது எத்தனை மீட்டர்?

கடிவாளம்:
20. அதற்குக் கீழே ஒரு மீட்டர்கூட வேண்டாம், முதல் இரண்டு மாதம் நடையில் மட்டும்.

நாலுகால்:
இதிலாவது ஒத்துப்போகிறோம். லஞ்சிங் கயிற்றில் (நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓடவிடுவது) வேண்டாம், பக்கத்தில் நடந்தே. கயிற்றின் நுனியில் குதிரை மோட்டார் பைக் மாதிரி உள்ளே சாயும், நன்றாக இருக்கிற குதிரைகூட அங்கே கோணலாகத்தான் தெரியும்.