அம்பாசிடர்: டைமிங் செயின் மாற்றிய பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை, அவசரம்

நெல்லைக்காரன்: பிஸ்டன் தண்டையும் வால்வுத் தண்டையும் சேர்த்துச் சுற்றும் செயின் கலகலவென்று சத்தம் போட்டதால் நானே மாற்றினேன். இரண்டு பல்சக்கரங்களின் அடையாளப் புள்ளிகளையும் புள்ளிக்குப் புள்ளி பார்த்துத்தான் மூடினேன். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, கார்புரேட்டர் தும்முகிறது. வெள்ளிக்கிழமை அம்மாவைத் திருச்செந்தூருக்கு அழைத்துப்போக வேண்டும்.

சாலைப்பயணி: பெட்ரோல் பம்பைப் பாருங்கள். என் வண்டியில் டயாபிரம் கிழிந்து இப்படித்தான் படுத்தியது.

மலைப்பாதை: எந்த எஞ்சின்? பழைய 1489 சிசியா, இசுசு 1800-ஆ?

பழையபட்டறை: தம்பி, மேனுவலைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தொட்டிருக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு இங்கே சொல்லி அலுத்துவிட்டேன். பல்சக்கரங்களையும் மாற்றினீர்களா?

நெல்லைக்காரன்: 1489. சக்கரங்கள் பழையவைதான். பம்பு நன்றாக இருக்கிறது.

பழையபட்டறை: தேய்ந்த பல்லில் புதுச் செயினா? சீக்கிரமே தளர்ந்துவிடும். மறுபடியும் ரேடியேட்டரை இறக்கத் தயாராக இருங்கள்.

லேத்காரன்: ஐயா, அது இன்றைய கோளாறுக்குப் பதில் அல்ல. பல் கொக்கிபோல் வளையாதவரை பழைய சக்கரமே போதும். இப்போது கடையில் கிடைக்கும் சிலவற்றைவிட அது உறுதியானது.

பழையபட்டறை: போதாது. ஒன்றாகத் தேய்ந்தவற்றை ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

கோவைமகள்: சக்கரப் பேச்சு பிறகு இருக்கட்டும். நெல்லைக்காரரே, பிளக் வயர்களைக் கழற்றினீர்களா?

நெல்லைக்காரன்: ஆமாம் அக்கா, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் துடைக்க எல்லாவற்றையும் பிடுங்கினேன். பிறகு புல்லிக் குறி நேராக வந்தபோது அதற்குள் சுற்றும் ரோட்டார் பார்த்த இடத்தில் 1-ஆம் சிலிண்டர் வயரை மாட்டினேன்.

கோவைமகள்: கோளாறு அங்கேதான் இருக்க வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இருமுறை சுற்றினால்தான், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒருமுறை சுற்றும். 1-ஆம், 4-ஆம் சிலிண்டர்களின் பிஸ்டன்கள் சேர்ந்தே உச்சிக்கு வருவதால், எரியப்போவது எது என்று புல்லிக் குறி சொல்லாது. பிளக்குகளைக் கழற்றி, ராக்கர் மூடியைத் திறந்து, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். 4-இன் எக்ஸாஸ்ட் வால்வு மூடும் தறுவாயில் இன்லெட் திறக்கத் தொடங்கும்போது 1 கம்ப்ரஷனில், அதாவது எரிவதற்கு முன் அழுத்தும் வீச்சின் உச்சியில், நிற்கும். அப்போது புல்லிக் குறியும் நேராக இருக்க வேண்டும். ரோட்டார் காட்டும் முனைதான் 1. அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் 1-3-4-2 என்று மாட்டுங்கள். செயின் மூடியை இப்போதைக்குத் திறக்காதீர்கள்.

சாலைப்பயணி: இருந்தாலும் பம்பை ஒருமுறை பாருங்கள்.

லேத்காரன்: ஹேண்டில் மாட்டும் நட்டின் பூட்டு வாஷரை மடக்கினீர்களா? அதையும் பாருங்கள். நட்டு தளர்ந்தால் புல்லி ஆடும்.

நெல்லைக்காரன்: பிடித்துவிட்டது! வயர்கள் நேர் எதிராக மாறியிருந்தன. வாஷரையும் மடக்கிவிட்டேன். நன்றி அக்கா, நன்றி அண்ணா.

பழையபட்டறை: நல்லது. பல்சக்கரம் என்ன ஆயிற்று?