கிரனாடா கிராதி: வார்ப்பா, அடித்ததா?

கேள்வி: ஸ்பெயினின் கிரனாடா அரச சிற்றாலயத்தில் கொல்லர் பர்த்தலோமே 1520 வாக்கில் செய்த இரும்புக் கிராதியின் உச்சி உருவங்கள் வார்ப்பா? கம்பிக்குள் கம்பி எப்படி நுழைத்தார்கள்? பழைய கோதிக் பாணிக் கிராதிக்கும் பின்னால் வந்ததற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: வார்ப்பே இல்லை. மெல்லிய தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டிப் புடைத்தது. தட்டத் தட்டத் தகடு இறுகும். நடுநடுவே காய்ச்சி ஆறவிடாவிட்டால் மூக்கு மாதிரி ஆழமான இடத்தில் கிழிந்துவிடும்.

பதில்: கம்பியை மஞ்சள் சூட்டில் உளியால் நீளவாக்கில் பிளந்து, அந்தப் பிளவில் இரும்பு முளை அடித்து விரிப்பது வழக்கம். இரும்பு குறையாமல் பக்கவாட்டில் ஒதுங்குவதால் பலம் போகாது. துளையைச் சுற்றிக் கம்பி புடைத்திருந்தால் அதுதான் பிளந்து விரித்ததற்கு அடையாளம். சூடு இறங்கியபின் அடித்தால் இரும்புக்குள் இழையாக ஓடும் கசடு வழியே விரிசல் ஓடும்.

பதில்: கோதிக்கில் பெரும்பாலும் சதுரக் கம்பி முறுக்கு, மேலே பூ, அவ்வளவுதான். பின்னால் வந்த கலைஞர் வில்யால்பாண்டோவின் டொலேடோ பேராலயக் கிராதியில் (1548) வயிறு பருத்த தூண்கள். எனக்கு முறுக்குதான் அழகு.